கூலிக்காரரின் நையாண்டி: தெரு பங்க் இசையும் இராமநாதபுரம் கடற்கரையும்

பிரிட்டனின் கூலிக்காரத் தெருக்களிலிருந்து வந்த இரைச்சலான ராக் வகையான தெரு பங்க் இசையை முதன்முறையாகக் கேட்கிற பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து இளைஞருக்கு அதன் இரைச்சல் புதிதாக இருக்கும். பாட்டின் கட்டு புதிதாக இருக்காது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுக்கிறார். கூட்டம் ஒரே குரலில் திருப்பிக் கத்துகிறது. கரைவலை இழுக்கும்போது பாடப்பட்ட அம்பாப் பாட்டின் கட்டும் இதுதான். எல்லோருடைய கையும் ஒரே கணத்தில் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதற்காக ‘ஏலேலோ’ வந்தது. பிரிட்டனின் கால்பந்து மைதானங்களில், நின்றபடியே ஆட்டம் பார்த்த கூலிக்காரக் கூட்டத்தின் கத்தலிலிருந்து தெரு பங்க்கின் கோரஸ் வந்தது. குரல் வளம் இல்லாதவரும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். இரண்டுக்கும் அதுவே அடிப்படை.

இந்த வகையில் இன்று புதிதாக வெளிவரும் ஆல்பங்களிலும் பாடுபொருள் பெரிதாக மாறிவிடவில்லை. ஏறிக்கொண்டே போகும் வாடகை, எத்தனை மணி நேரம் வேலை என்று உறுதி தராத ஒப்பந்தம், கிடங்கில் கழிவறைக்குப் போய்வரும் நேரத்தையும் அளக்கும் மேற்பார்வை, வாக்கு கேட்க மட்டும் தெருவுக்கு வரும் அரசியல்வாதி. இவற்றைச் சொல்லும் முறை நையாண்டி. பாடுபவர் அழுவதில்லை. தன் நிலைமையைக் கண்டு தானே சிரிக்கிறார், கூட்டத்தையும் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, யார்மேல் விழுகிறது என்று பார்த்தால்தான் இந்த இசை பிடிபடும். அது தவறான ஆள்மேல் விழுந்தபோது என்ன நடந்தது என்பதும் வரலாற்றில் இருக்கிறது. இராமநாதபுரம் கரையில் இப்படி ஓர் ஆல்பம் செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த வரலாற்றைத்தான் என்று நினைக்கிறேன்.

பிரிட்டனில் 1976, 1977இல் பங்க் இசை வெடித்தபோது அதன் முகங்களாக இருந்தவர்களில் பலர் கலைக் கல்லூரிகளின் சூழலிலிருந்து வந்தவர்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை நிர்வகித்த மால்கம் மெக்லாரன் லண்டனின் கிங்ஸ் ரோட்டில் துணிக்கடை நடத்தியவர். தி கிளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் வெளியுறவுத் துறை அலுவலர் ஒருவரின் மகன். விடுதிப் பள்ளியில் படித்தவர். இதனால் அவர்களுடைய பாட்டின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனாலும் வேலையின்மையைப் பற்றிப் பாடுவது வேறு, வேலை இல்லாதவர் எழுந்து நின்று பாடுவது வேறு. அரசுக் குடியிருப்புகளிலிருந்தும் துறைமுகத் தெருக்களிலிருந்தும் வந்த இரண்டாவது அலை அந்த வேறுபாட்டைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது.

அந்த அலையில் இரண்டு குழுக்களைச் சொன்னால் போதும். காக்னி ரிஜெக்ட்ஸ் குழுவினர் கிழக்கு லண்டனின் கப்பல்துறைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். கன்டெய்னர் கப்பல்கள் வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாக மூட்டை இறக்கிய அந்தத் துறைகளுக்கு வேலை இல்லாமல் போனது. ராயல் டாக்ஸ் 1981இல் மூடப்பட்டது. ஏஞ்சலிக் அப்ஸ்டார்ட்ஸ் குழு வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள சவுத் ஷீல்ட்ஸ் ஊரிலிருந்து வந்தது. கப்பல் கட்டும் தளங்களும் கடலுக்கு அடியில் நீண்டு போகும் நிலக்கரிச் சுரங்கமும் சோறு போட்ட ஊர் அது. குழுவின் பாடகர் மென்சி சுரங்கத்தில் வேலை செய்தவர். 1976இல் காவலில் வைக்கப்பட்ட பிறகு இறந்துபோன லிடில் டவர்ஸ் என்ற குத்துச்சண்டை வீரரைப் பற்றியதுதான் அவர்கள் 1978இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டு. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. ‘சவுண்ட்ஸ்’ வார இதழில் எழுதிய கேரி புஷெல் இந்த இசைக்கு ‘ஓய்’ என்று பெயர் சூட்டியிருந்தார். அது 1980இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தின் தலைப்பாகவும் ஆனது.

இவ்வளவு துயரத்துக்கு நடுவில் சிரிப்பு எதற்கு? புலம்பல் பாட்டுக்கு இரங்குபவர் ஒருவர் வேண்டும். இரங்குபவர் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறார்; பாடுபவர் கீழே நின்று கையை நீட்டுகிறார். நையாண்டி இந்த உறவையே மறுக்கிறது. ‘என் நிலைமை எனக்குத் தெரியும், அதற்குக் காரணமானவரையும் தெரியும், அவரைப் போலப் பேசவும் எனக்குத் தெரியும்’ என்கிறது. அறிவில் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை என்பதைச் சொல்லாமல் காட்டிவிடுகிறது. வறியவருக்கு வருத்தம் மட்டுமே தெரியும் என்று நினைக்கும் உலகத்தில் இது பெரிய காரியம்.

நையாண்டி வேலை செய்யும் வழிகளில் முதன்மையானது, மேலே இருப்பவரின் வாயைக் கடன் வாங்கிக்கொள்வது. முதலாளியாக, அமைச்சராக, வீட்டு உரிமையாளராக மாறிப் பாடுவது. இன்னொன்று, அளவுக்கு மீறிய பணிவு. அதை ஒரு மாதிரியால் காட்டுகிறேன்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனம் பெருக இந்தத் தடைக்காலம் தேவை. அதில் எனக்கு ஐயமில்லை. அந்த நாட்களுக்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. 8,000ஐ 61ஆல் வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 131 ரூபாய். செய்தியில் இந்தக் கணக்கு ஒரு வரியோடு முடிந்துவிடும். தெரு பங்க் எழுதுபவர் அதை இப்படித் திருப்பலாம்:

நூற்று முப்பத்தொரு ரூபாய், நாளெல்லாம் விருந்து!
அரிசி வாங்கு, பால் வாங்கு, அம்மாவுக்கு மருந்து!
மிச்சத்தில் மாடி கட்டு, மீதிக்கு நகை வாங்கு!
நன்றி ஐயா நன்றி! நன்றி ஐயா நன்றி!

இதில் கோபம் என்ற சொல் இல்லை. கணக்கே கோபத்தைச் சொல்லிவிடுகிறது. கடைசி வரி கூட்டத்துக்கு உரியது. முதல் முறை கத்தும்போது அது நன்றியாகக் கேட்கும். நான்காவது முறை, நூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு கத்தும்போது, அதை நன்றி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாட்டின் பொருள் எழுத்தில் பாதிதான். மீதியைக் கூட்டம்தான் முடித்துவைக்கிறது. தெரு பங்க் ஆல்பத்தை வரிகளை மட்டும் படித்து எடைபோடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இப்படிப்பட்ட சிரிப்பு தமிழுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பெயர் தெரியாத புலவர் ஒருவர் இயற்றிய முக்கூடற்பள்ளுவில் பண்ணைக்காரனின் தோற்றமே கேலிப் பொருளாகிறது. பள்ளனின் இரு மனைவியரும் ஏசிக்கொள்ளும்போது ஒருத்தியின் கடவுளை மற்றவள் இழுத்துப் பேசுகிறாள். சிவனும் தப்பவில்லை, திருமாலும் தப்பவில்லை. நம் கரைக்கே உரிய சான்று சீதக்காதி நொண்டி நாடகம். கீழக்கரையின் பெருவணிகர் செய்கு அப்துல் காதிறு மரைக்காயர், அதாவது வள்ளல் சீதக்காதி, கிழவன் சேதுபதி காலத்தவர். நொண்டி நாடகம் என்ற வகையில் மேடையில் நிற்பவன் ஒரே ஒருவன், ஒரு திருடன். தான் திருடியதையும், காசைத் தொலைத்ததையும், குதிரை திருடப் போய்ப் பிடிபட்டு உறுப்பை இழந்ததையும் நொண்டிச் சிந்தில் தானே பாடிக் காட்டுவான். சமூகத்தின் அடியில் கிடப்பவன் தன் கதையைத் தன் வாயால், சிரிக்கச் சிரிக்கச் சொல்வதற்கு இந்தக் கரையில் முந்நூறு ஆண்டு வயது இருக்கிறது.

ஆனாலும் ஒரு பெரிய வேறுபாட்டை மறைக்க முடியாது. பள்ளிலும் நொண்டியிலும் உழைப்பவரின் வாய்க்கு வார்த்தை கொடுத்தவர்கள் புலவர்கள். முடிவில் எல்லாம் சரியாகிவிடும்: சண்டையிட்ட மனைவியர் சமாதானமாவார்கள், திருடனுக்கு இறையருளால் உறுப்பு திரும்பக் கிடைக்கும், புரவலர் வாழ்த்தப்படுவார். சிரிப்பு அடங்கும்போது பண்ணை பண்ணைக்காரனிடமே இருக்கும். தெரு பங்க் இந்த இரண்டையும் மாற்றுகிறது. எழுதுபவரும் பாடுபவரும் வேலை செய்பவரே. பாட்டின் முடிவில் சமாதானம் கிடையாது.

இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவிழா மேடைகளில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தின் பபூன் இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பவர் என்று சொல்லலாம். நாடகம் சூடுபிடிப்பதற்கு முன்பே மேடைக்கு வந்து, விலைவாசியையும் உள்ளூர்ப் பெரிய மனிதரையும் நேற்றைய செய்தியையும் இழுத்துப் போட்டுப் பேசுவார். அவருக்கு எழுதப்பட்ட வசனம் குறைவு. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பேச்சைத் திருப்புவதுதான் அவருடைய கலை. பபூனின் நாக்கும் அம்பாவின் கோரஸும் சேர்ந்தால் தெரு பங்க்கின் முக்கால் பங்கு வந்துவிடும் என்பது என் எண்ணம். வடசென்னையின் கானா ஏற்கெனவே இப்படி ஒரு சேர்க்கையைக் காட்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் ராக்கையும் ராப்பையும் இணைத்து, சாதியைப் பற்றி நேராகவும் கேலியாகவும் பாடியது. சென்னைக்கு முடிந்தது பாம்பனுக்கு முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

இனி வரலாற்றின் கசப்பான பக்கம்.

தெரு பங்க்கின் முக்கிய ரசிகர்களான ஸ்கின்ஹெட் இளைஞர்களின் பாணி 1960களின் இறுதியில் பிறந்தபோது அதில் ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் இசைக்குப் பெரிய பங்கு இருந்தது. வெள்ளைக்காரக் கூலி வீட்டுப் பையன்கள் ஸ்காவுக்கும் ரெக்கேவுக்கும் ஆடினார்கள். பத்து ஆண்டுகளுக்குள் வேலை போயிற்று. ‘உன் வேலையை எடுத்துக்கொண்டவர் குடியேறியவர்’ என்று சொல்லிக்கொண்டு நேஷனல் ஃபிரன்ட் என்ற இனவாதக் கட்சி கால்பந்து மைதான வாசலுக்கு வந்தது. 1976இல் தொடங்கிய ‘இனவெறிக்கு எதிரான ராக்’ இயக்கம் இதை எதிர்த்து நின்றது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. தெரு பங்க் குழுக்களில் சில தெளிவாக எதிர்ப்பின் பக்கம் நின்றன. ஏஞ்சலிக் அப்ஸ்டார்ட்ஸ் அதில் முன்னணி. ஆனால் பல குழுக்கள் ‘எங்களுக்கு அரசியல் வேண்டாம்’ என்று ஒதுங்கின. அந்த ஒதுங்கலின் விலை விரைவில் தெரிந்தது. 1981இல் வந்த ஒரு தொகுப்பு ஆல்பத்தின் தலைப்பு நாஜிகளின் முழக்கத்தைத் திரித்த சொல்விளையாட்டாக அமைந்தது. அட்டைப்படத்தில் இருந்தவர் தீவிர வலதுசாரி. வெளியிட்டவர்கள் தெரியாமல் நடந்தது என்றார்கள். அதே ஆண்டு ஜூலை 3 அன்று மேற்கு லண்டனின் சவுத்தால் பகுதியில், ஹாம்ப்ரோ டேவர்ன் என்ற மதுக்கடையில், மூன்று ஓய் குழுக்களின் நிகழ்ச்சி நடந்தது. சவுத்தால் பஞ்சாபிகள் பெருமளவில் வாழும் பகுதி. 1976இல் குர்தீப் சிங் சக்கர் என்ற இளைஞர் குத்திக் கொல்லப்பட்ட இடம். 1979இல் நேஷனல் ஃபிரன்ட்டை எதிர்த்த போராட்டத்தில் ஆசிரியர் பிளேர் பீச் உயிரிழந்த இடம். கிழக்கு லண்டனிலிருந்து பஸ்களில் வந்த ரசிகர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் மோதல் மூண்டது. இரவு முடிவதற்குள் மதுக்கடை எரிந்து போனது.

சவுத்தாலுக்குப் பஞ்சாபிகள் சொகுசாக வாழ வரவில்லை. வுல்ஃப் ரப்பர் தொழிற்சாலை போன்ற இடங்களில் உள்ளூர்க்காரர் விரும்பாத வேலைக்கு வந்தார்கள். அதே தொழிற்சாலையில் 1965இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். ஆக, அந்த ஜூலை இரவில் இரு பக்கமும் நின்றவர்கள் கூலி வீட்டுப் பிள்ளைகள். கப்பல்துறையை மூடியவர் அந்தத் தெருவிலேயே இல்லை. பிறகு தி பிசினஸ் உள்ளிட்ட சில குழுக்கள் இனவெறிக்கு எதிரான நிகழ்ச்சிகள் நடத்தின. ஆனாலும் அந்த வகை இசையின் பெயர்மேல் விழுந்த கறையைத் துடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பாக் நீரிணையின் கரையில் வாழ்பவர் இந்தக் கதையை வெளிநாட்டுக் கதையாகப் படிக்க முடியாது. இராமேஸ்வரத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் விசைப்படகில் போகிறவர்களில் பலர் கூலிக்காரர்கள். டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் பங்கு. வலையில் ஒன்றும் விழாத நாளில் அதுவும் இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால் சிறைக்குப் போகிறவர்கள் இவர்கள்தான். கடலில் சுடப்பட்டு உயிர் போனதும் இந்த வீடுகளில்தான். இந்தக் கோபத்துக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. அதைப் பாடாத எந்த ஆல்பமும் இந்தக் கரையின் ஆல்பம் ஆகாது.

அக்கரையையும் பார்க்க வேண்டும். 1983 முதல் 2009 வரை போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்து, மன்னார்த் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கிக் கடலுக்கு வந்தபோது, இக்கரை விசைப்படகுகள் கடலடியை வாரிக்கொண்டு இழுக்கும் பெரிய வலைகளான இழுவை மடிகள் அந்த வலைகளை அறுத்துக்கொண்டு போயின. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. இக்கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே இதே வழக்கு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலைப் பிரித்துக்கொண்டதன் காரணமும் இதுதான். இறாலுக்கு வெளிநாட்டில் விலை கிடைத்த காலத்தில் விசைப்படகுகளைப் பெருக்கியவர்கள், மீன்வளம் குறைந்த பிறகு மாற்றுத் தொழிலுக்கு உரிய நேரத்தில் வழி செய்யாதவர்கள், கரையிலிருந்தபடியே விலையை நிர்ணயிப்பவர்கள் ஆகியோரை எந்த ரோந்துக் கப்பலும் பிடிப்பதில்லை.

நையாண்டி எழுதுபவருக்கு இங்கே ஒரு சோதனை இருக்கிறது. அக்கரை மீனவரைக் கேலி செய்தால் உடனே கைதட்டல் கிடைக்கும். அவர் பேசும் தமிழைக் கேலி செய்யலாம், அவருடைய சின்னப் படகைக் கேலி செய்யலாம். கூட்டம் சிரிக்கும். சவுத்தாலுக்குப் போன பஸ்ஸில் கேட்டதும் அந்தச் சிரிப்புதான். ஏலக் கூடத்தையும், ஏற்றுமதிக் கணக்கையும், தேர்தல் நேரத்தில் மட்டும் கச்சத்தீவை நினைவுகூரும் பேச்சையும் பாட்டில் கொண்டுவருவது கடினமான வேலை. வரிகளில் கூர்மை வேண்டும், பாடுபவருக்குத் துணிச்சலும் வேண்டும். படகு வைத்திருப்பவரிலும் ஒரே படகும் கழுத்தளவு கடனுமாக இருப்பவர்கள் உண்டு என்பதால், ‘முதலாளி’ என்று பொதுவாகத் திட்டிவிட்டுப் போனாலும் பாட்டு பொய்யாகிவிடும்.

துணிச்சல் என்று சொன்னது வெறும் சொல்லுக்காக இல்லை. மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக 2015 அக்டோபரில் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்யப்பட்டார். வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியாவின் பண்டா ஆச்சேயில், 2011 டிசம்பரில் ஓர் இசை நிகழ்ச்சியிலிருந்து 60க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைக் காவல்துறை பிடித்துச் சென்று தலையை மழித்தது.

பெண்கள் இந்த இசையில் மிகக் குறைவு. பிரிஸ்டலின் வைஸ் ஸ்குவாட் குழுவில் பாடிய பெக்கி பாண்டேஜ் போன்ற சிலரைத் தவிர, தெரு பங்க் பெரும்பாலும் ஆண்களின் கத்தலாகவே இருந்துவிட்டது. நம் கரையில் அப்படி இருக்க வேண்டியதில்லை. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளை எடுக்கக் கடலில் மூழ்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் கை கிழிய வேலை செய்கிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தாயும் பாட்டியும் இறங்கிய அதே தண்ணீரில் இறங்குவது குற்றமாகிவிட்டது. அவர்களுக்காகப் பேசிய சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. திருமண வீட்டில் சம்பந்தி வீட்டாரை ஏசல் பாட்டில் பிடித்து உலுக்கும் பெண்களுக்கு வனத்துறையின் வாயைக் கடன் வாங்கிப் பாடுவது எளிது. ‘பாசி எங்கள் சொத்து, பசி உங்கள் சொத்து’ என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அவர்கள் எழுதினால் இதைவிடக் கூர்மையாக வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதற்கெல்லாம் பெரிய ஸ்டுடியோ வேண்டியதில்லை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் நூற்றுக்கணக்கான குழுக்கள் துணிந்தன. இன்று அந்தக் கடனும் தேவையில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் பழகியவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். தவில் இருக்கிறது, பறை இருக்கிறது, பதிவு செய்யக் கையில் போன் இருக்கிறது. படகுகள் கட்டிக்கிடக்கும் 61 நாட்களும் இருக்கின்றன.

அப்படி ஓர் ஆல்பம் வந்தால் அதை நான் எடைபோட நினைப்பது ஒரே ஒரு இடத்தை மனத்தில் வைத்துத்தான். ஆண்டுதோறும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இரு கரை மீனவர்களும் ஒன்றாக நின்று தமிழில் திருப்பலி காண்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் இந்தப் பாட்டைப் பாடினால் இரு பக்கத்தாரும் கோரஸுக்குச் சேர்ந்துகொள்வார்களா? சேர்ந்துகொள்ள வேண்டுமென்றால், கடலில் விழுந்த குண்டைப் பாடும் அதே பாட்டில் அக்கரையில் அறுந்த வலைக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியைப் பாம்பன்காரரே எழுந்து பாட வேண்டும்.